விழிப்புணர்வு இல்லாதவர்கள்

அக்கா சண்டை போடும்போது குரலை உயர்த்த மாட்டார். ஆஸ்பத்திரி கவுன்டரில் இருப்பவன் முகத்தைக்கூடப் பார்க்காமல், "கார்டு கேஸா? அங்கன போய் உக்காரு" என்பான். அக்கா உட்கார மாட்டார். கூட்டி வந்த நோயாளியைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு, கவுன்டருக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, இவருக்கு என்ன வியாதி, எத்தனை மணியிலிருந்து காத்துக் கிடக்கிறார் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். வசதியான வீட்டு நோயாளிகளின் காதிலும் அது விழும். கொஞ்ச நேரத்தில் படுக்கை கிடைத்துவிடும். இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கோம்பைக்குப் பக்கத்து ஊரில், திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களின் குழுவுக்கு, எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அவர்தான் தலைவி. எங்கள் தொண்டு நிறுவனம் அந்தக் குழுக்கள் வழியாக ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடத்தியது. வருசத்துக்கு ஒரு முறை குடும்பக் கார்டைப் புதுப்பித்துக்கொண்டால், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் காசில்லாமல் வைத்தியம். வீடு வீடாகப் போய்ப் புதுப்பிக்க வைப்பது அக்காவின் வேலை. அதைத் தேனி அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. அவருடைய தெருவில் ஒரு வீடு தப்பாது. எப்படி என்று கேட்டேன். "கார்டு ஆஸ்பத்திரி வாசல் வரைக்குந்தான் தம்பி வரும். அதுக்கு மேல நான் போறேன்ல" என்றார். அவருக்கே அடிவயிற்றில் ஒரு கட்டி இருந்தது. ஆபரேசன் செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த வருசப் புதுப்பிப்பு முடியட்டும் என்று அக்கா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் புது மேலாளர் வந்து சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்கு வரும்போதும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு வருகிற பிறவி. அக்காவைப் பற்றி ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்ததும் கூட்டம் போட்டார். "நோயாளி கூடப் போய் நிக்கிறது நம்ம வேலை இல்ல. திட்டம் சிஸ்டத்துல ஓடணும், ஆளை நம்பி ஓடக்கூடாது" என்றார். அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டுக் கார்டின் பின்பக்கம் ஓர் உதவி எண்ணை அச்சடித்தார். இதே மனிதர், தன் மகனுக்கு டெங்குவாக இருக்குமோ என்று சந்தேகம் வந்த அன்று, தெரிந்த டாக்டருக்கும் அவருக்குத் தெரிந்த இன்னொருவருக்கும் போன் போட்டுச் சொல்லிவைத்துவிட்டுத்தான் இடத்தைவிட்டு எழுந்தார். அவருக்கு வேண்டியிருந்த தெரிந்த ஆள், தோட்ட வேலைக்காரிக்கு மட்டும் வேண்டாமாம். அடுத்த மேசையில் இருந்த நான் அதைக் கேட்டுக்கொண்டே கார்டு விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மாதச் சம்பளக்காரனின் கோபத்துக்கு என்ன மரியாதை?

சில மாதங்களில் அக்காவின் தெருக்காரர் ஒருவருக்குப் பித்தப்பையில் கல். மனைவி கார்டோடு அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். உதவி எண்ணுக்கு அடித்தால், தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் சுத்தத் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தது. கணவர் மதியம் வரை பெஞ்சில் சுருண்டு கிடந்தார். பிறகு ஆட்டோ பிடித்துத் தேனி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த்தான் பிழைக்கவைத்தார்கள். "உக்காரச் சொன்னாக, உக்காந்தோம். அக்கா இருந்தா உக்கார விட்டிருக்குமா?" என்று அந்த அம்மா பிறகு என்னிடம் கேட்டார். அடுத்த புதுப்பிப்பில் அந்தத் தெருவே கார்டைக் கைவிட்டது.

மேலாளர் அசரவில்லை. "ஜனங்களுக்கு விழிப்புணர்வு பத்தல" என்றார். எட்டு மணி நேரம் பந்தலுக்குக் கையைத் தூக்கித் திராட்சைக் கொடியில் கவாத்து வெட்டிவிட்டு வந்த பெண்களுக்கு முன்னால் காப்பீட்டின் அருமை பற்றி நாடகம் போட ஆள் அனுப்பினார். அவர்களும் மரியாதையாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். தங்கள் கார்டு எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கு எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் அறிக்கையில் விழிப்புணர்வு இல்லை என்றே எழுதினோம். எழுதியது நான்தான். அந்த அறிக்கையைக் காட்டி அவர் சென்னையில் பெரிய பதவிக்குப் போய்விட்டார். நான் இன்னும் தேனியில் அதே நாற்காலியில் இருக்கிறேன்.

போன மாதம், கார்டைக் கைவிட்டவர்களிடம் காரணம் கேட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். பட்டியலில் அக்காவின் பெயரும் இருந்தது. தோட்டத்தில், பந்தல் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது.

"நீங்க எப்படிக்கா விட்டீங்க? இன்னும் ஆபரேசன் பண்ணலைல்ல?"

"ஊருக்கெல்லாம் நான் போய் நின்னேன். நான் படுத்தா எனக்கு யாரு தம்பி வந்து நிப்பாக?"

"நான் வர்றேன்க்கா." நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அக்கா தூக்குவாளியை மூடினார். அடிவயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். கோபமில்லை. அந்தக் கவுன்டர்காரனுக்குக்கூட இவ்வளவு இளக்காரமான பார்வை கிடைத்ததில்லை.

"நீ வந்தா, கவுன்டர்ல அவன் சொல்றத எழுதிக்கிட்டு வந்துருவ தம்பி."