தொட்டிலுக்குப் பூசிய அரக்கு

2024 அக்டோபர் 26, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட்டேன். தொட்டி நிறைந்ததும் நிறுத்திவிட்டுப் பால் வாங்கி வந்தேன். காபிக்கு முன் முன்னறைக்குப் போய், தேக்குத் தொட்டிலின் மேல்சட்டத்தை விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தேன். தடம் விழவில்லை. அரக்கு இறுகிவிட்டது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு என் தங்கையின் குழந்தையை அதில் போட வேண்டும்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த குழந்தை. தொட்டில் தாய்மாமன் சீர். எருமப்பட்டியிலிருந்து அவள் மாமனார் வீட்டார் வேன் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பேர் வைப்பதும் அன்றைக்குத்தான்.

செய்து கொடுத்த ஆசாரி, கடையில் விற்கும் பாலிஷை அடித்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்றார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பல் முளைக்கும்போது பிள்ளைகள் சட்டத்தைக் கடிக்கும். அரக்கு, பூச்சிகள் மரக்கிளையில் சுரந்து வைக்கும் பிசின். மாத்திரைக்கு மேல் பூசுவதும் அதைத்தான். ஆகவே அவலரக்கு வாங்கினேன். பெயருக்கு ஏற்றபடி அவல் மாதிரியே தட்டையாக, தேன் நிறத்தில் இருக்கும். இரவு முழுக்க ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, துணி சுற்றிய பஞ்சால் மெல்லிய பூச்சாகப் பூச வேண்டும். காய்ந்ததும் தேய்த்துவிட்டு மறுபடி பூச்சு. ஈரக் காற்று பட்டால் பூச்சு வெளுத்துவிடும் என்பதால் மழை நாட்களில் கை வைக்கவில்லை. இந்தப் பருவத்தில் வெயில் தேடியே பதினைந்து நாள் போயிற்று. வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்: தண்ணீர் படக்கூடாது, சூடான பாத்திரம் வைக்கக்கூடாது, வளையல் கையால் உரசக்கூடாது.

பத்து மணிக்கு வாழையிலையும் பூவும் வாங்க டவுனுக்குப் போனேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. எங்கள் கொண்டப்பநாயக்கன்பட்டி வருவதற்குள் முழுக்க நனைந்துவிட்டேன். வீட்டுக்குள் நுழைந்ததும் ஆஸ்பத்திரி வாடை அடித்தது. தங்கை தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கையில் சானிடைசர் பாட்டில். மேல்சட்டம் நெடுகப் பச்சைத் துண்டின் நூல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஏனுங்கண்ணா, இப்படிப் பிசுபிசுங்குது? ஒருக்கா தொடச்சேன், ஒட்டுச்சு. அழுக்காட்ட இருக்குன்னு மறுக்காவும் நல்லா அழுத்தித் தொடச்சேன்."

"தொடாதேன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"தண்ணி படக்கூடாதுன்னு தானுங்க சொன்னீங்க? இது தண்ணி இல்லீங்களே. நாளைக்கு அத்தன பேரு வந்து தொடுவாங்கன்னுதான்..."

அரக்கைக் கரைப்பது ஸ்பிரிட். சானிடைசரிலும் பாதிக்கு மேல் அதுதான். குழந்தை பிறந்து எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் கதவுக் கைப்பிடி, செல்போன், என் கண்ணாடி எதையும் விட்டதில்லை. தொட்டிலை மட்டும் விடுவாள் என்று நான் எப்படி நினைத்தேன்?

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "பதினஞ்சு நாளா எங்களத் தொடவே உடலீங்க. இப்பத் தொட்டா அது எங்கள உட மாட்டீங்குது" என்றாள். தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

நூல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மிச்சமிருந்த அரக்கை, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து ஒரு கம்பில் மட்டும் பூசிப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்தது. வெளியே மழை விடவில்லை. ஆசாரிக்குப் போன் போட்டேன்.

"மழைக்குள்ள அரக்கு கேக்காதுங்க சார். ரெண்டு நாள் அப்படியே உடுங்க. இல்லாட்டி மொத்தமும் வழிச்சு எடுத்துட்டு வெறும் மரமாப் போடுங்க. தேக்குத்தானுங்க, என்ன கொறச்சல்?"

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். மொத்தமும் வழிப்பதாம். ராத்திரிக்குள் தானாக இறுகிவிடும் என்று தங்கையிடம் சொன்னேன். எனக்கே நம்பிக்கையில்லை.

சாயந்திரம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வந்து நின்றாள். "இறுகாட்டிப் பாயிலயே போட்டுக்கலாங்களாண்ணா?" என்றாள். பிறகு, நான் கேட்காமலே, "ஆனா மொதல்ல உங்க தொட்டில்லதான் போடோணும்னு எத்தன வருசமா நெனச்சிருக்கேன், தெரியுங்களா?" என்றாள். நான் மின்விசிறியைத் தொட்டிலுக்கு இன்னும் கிட்டே நகர்த்தினேன். அவளைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

ஞாயிறு காலை மோட்டார் போடவில்லை, பால் வாங்கப் போகவில்லை. மேல்சட்டத்தில் விரலை வைத்தேன். ரேகை அப்படியே பதிந்தது. பழைய வேட்டியைக் கிழித்து ஸ்பிரிட்டில் நனைத்து, பதினைந்து நாள் ஏற்றிய அரக்கு முழுவதையும், வெறும் மரம் தெரியும்வரை துடைத்து எடுத்தேன்.