எனக்கு முன்னால் நின்ற அத்தான்

அக்கா இங்கிலாந்தில் தாதியாக இருந்தபோது அங்குள்ள ஒரு வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்தாள். மாப்பிள்ளை உதைபந்தாட்டக்காரர் என்று அம்மா மொன்றியலில் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். எந்த அணி என்று கேட்டவர்களுக்குத்தான் பதில் சொல்லத் தடுமாறினார். பெயரைச் சொல்லியிருந்தாலும் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்த நாட்டின் பெரிய அணிகளை உலகமே அறியும். அவற்றுக்குக் கீழே ஒரு பிரிவு, அதற்கும் கீழே இன்னொன்று என்று கிணற்றுப் படி மாதிரி இறங்கிக்கொண்டே போகும். அத்தான் அந்தக் கீழ்ப் படிகளில் பதினைந்து வருடத்துக்கு மேல் பின்வரிசையில் நின்றவர். அவருடைய முழங்காலை வெட்டித் தைத்த ஆஸ்பத்திரியில்தான் அக்கா அவரைச் சந்தித்தாள்.

ஆட்டத்தை விட்ட பிறகு அவர் சுவர்களுக்குப் பூச்சு வேலை செய்தார். அம்மாவுக்கு வயது போகப் போக அக்காவுக்கு இங்கே வந்துவிட வேண்டும் என்று இருந்தது. அவரும் மறுக்கவில்லை. மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு வாங்கி வந்தார்கள். நான் துறைமுகத்திலிருந்து கொண்டெயினர் லொறி ஓட்டுகிறவன். கோடை காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில், முப்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கான எங்கள் தமிழ் அணியில் கோல் கீப்பர். அத்தான் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் எங்கள் கப்டன் வீடு தேடி வந்துவிட்டார். அத்தானுக்கு அப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது, முழங்காலும் சரியில்லை. என்றாலும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அக்கா சொல்லிக்கொடுத்த தமிழில் "ஓம்" என்றார்.

முதல் ஆட்டத்துக்கு வழக்கத்தைவிடக் கூட்டம். இங்கிலாந்தில் சம்பளத்துக்கு விளையாடிய ஒருவர் வருகிறார் என்றால், பத்துப் பேரை வெட்டிக்கொண்டு போய்க் கோல் போடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அத்தான் நடுக்கோட்டைத் தாண்டவே இல்லை. பந்து வந்தால் பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுத்தார், அல்லது வெளியே அடித்தார். ஆனால் வாய் ஓயவில்லை. அக்கா அவருக்குத் தமிழ் பழக்கியது அம்மாவோடு கதைப்பதற்காக. அதனால் அவருக்கு மரியாதைத் தமிழ் மட்டும்தான் தெரியும். "விடுங்கோ! வாங்கோ! பின்னுக்கு நில்லுங்கோ!" என்று ஆங்கில உச்சரிப்பில் தொண்டை கிழியக் கத்தினார். எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் வார்த்தைகள் வேறு. அன்று வேலியோரம் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஒரு கோலால் வென்றோம். கார் நிற்கிற இடத்தில் கப்டன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உங்கட அத்தான் உண்மையா அங்க விளையாடினவரோ?"

நான் ஓம் என்றேன். எனக்கும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கையுறைகளைக் கழுவப் போனபோதுதான் பார்த்தேன், கழுவ அவற்றில் ஒன்றும் இல்லை. காலையில் மழை பெய்து மைதானம் சேறாக இருந்தது. வழக்கமாக முழங்கைவரை அப்பியிருக்கும். அன்று முழு ஆட்டத்திலும் பந்து ஒரு தடவைகூட என் கைக்கு வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிரணி சோடை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் வந்தது சோடையான அணி இல்லை. முந்தைய வருடம் எங்களுக்கு மழைபோலக் கோல் போட்டவர்கள். அவர்களுடைய முன்வரிசையில் ஒரு வேகக்காரன் இருந்தான். அவன் பந்தோடு வரும்போது நான் கடவுளைக் கூப்பிடுவது வழக்கம். அன்று அத்தானின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் வந்தான். அத்தான் பாயவில்லை, காலை நீட்டவில்லை. அரைச் சாண் இடப்பக்கம் நகர்ந்து நின்றார். அவ்வளவுதான். அவன் வலப்பக்கம் திறந்து கிடக்கிறது என்று எண்ணி அங்கே ஓடினான். ஓட ஓட இடம் சுருங்கியது. மூலைக்கொடி வரைக்கும் போய்விட்டு, இனி எங்கே போவது என்று தெரியாமல் நின்றான். அத்தான் நடந்து போய்ப் பந்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

அன்று முழுக்க இதுதான் நடந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் தானாகத் தெரிவு செய்த வழி மாதிரித்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அத்தான் அங்கே முன்பே நின்றார். வேலியோரம் நின்றவர்களுக்கு இது தெரிந்திருக்காது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய மனிதர் சும்மா நிற்பதுபோலத்தான் தெரியும். பின்னால் நின்ற எனக்கு உடம்பு சிலிர்த்தது. இருபது வருடமாகக் கோல் காக்கிற நான் அன்றுதான் இந்த விளையாட்டைப் பார்த்தேன் என்று தோன்றியது.

அத்தான் தன்னைப் பற்றிக் கதைக்கிறவர் இல்லை. அக்காவிடம்தான் கேட்டறிந்தேன். பதினெட்டு வயதில் ஒரு பெரிய அணி அவரை, நீ போதாது என்று அனுப்பிவிட்டது. அவர் அழுதாராம், அடுத்த வாரமே கடைசிப் பிரிவில் ஓர் அணியில் போய் நின்றாராம். பிறகு வருடத்துக்கு வருடம் ஒப்பந்தம். பருவம் முடியும் மே மாதத்தில், இன்னும் ஒரு வருடம் வைத்திருப்பார்களா என்று தெரியாமல் காத்திருப்பது. செவ்வாய் இரவுகளில் நாட்டின் மறு கோடிக்குப் பஸ்ஸில் போய், விளையாடிவிட்டு, விடியப் பஸ்ஸிலேயே திரும்புவது. மூக்கு பலமுறை உடைந்து, கடைசியில் வைத்தியர் இதை இனி நிமிர்த்த வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஓர் அணியில் மட்டும் எட்டு வருடம் நின்றார். அந்த அணி ஒவ்வொரு வருடமும் கீழ்ப் பிரிவுக்கு விழப்போகிறது விழப்போகிறது என்று இருந்ததாம், அவர் நின்ற வரைக்கும் விழவில்லை.

பெரிய அணியோடு ஒரே ஒரு தடவை மோதினார்கள். கிண்ணப் போட்டி, ஒரு சனிக்கிழமை தொலைக்காட்சியில் காட்டிய ஆட்டம். அதைப் பற்றி அக்கா அதற்குமேல் சொல்லவில்லை.

சொல்லாததை எங்கள் அணிப் பொடியன் ஒருவன் தேடிப் பிடித்தான். இரண்டாவது கோடையில் ஒரு நாள், ஆட்டம் முடிந்து எல்லோரும் புல்லில் கிடந்தபோது போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். அத்தானுடைய பெயரைப் போட்டுத் தேடினால் இணையத்தில் வருவது ஒரே ஒரு காணொளி. ஒரு கோர்னர். மூலையிலிருந்து பந்து வளைந்து வருகிறது. இளம் வயது அத்தான் எல்லோருக்கும் மேலாக எழும்பி, தலையால் ஓங்கி அடிக்கிறார். பந்து அவருடைய சொந்தக் கோலின் மேல் மூலைக்குள் போகிறது. பிறகு அதையே மெதுவாக ஓடவிட்டுக் காட்டுகிறார்கள். லட்சக்கணக்கானோர் அதைப் பார்த்திருந்தார்கள். கீழே சிரிப்புப் படங்கள். எட்டு வருடக் காவலில் உலகம் எடுத்து வைத்திருந்தது இதை மட்டும்தான்.

எங்கள் ஆட்கள் சிரித்துவிட்டு, பிறகு அவரைப் பார்த்துவிட்டு அடங்கினார்கள். அத்தான் டெப்பனரில், மூலைக்கடையில், வாங்கிய ஐஸ் பையை முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தார். போனை வாங்கி முழுவதையும் பார்த்தார். தலையில் பந்து பட்ட விதம் குறை சொல்ல முடியாதது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். வீட்டில் அக்கா எனக்குச் சொன்னது வேறு. அந்த அணியின் ஊரில் அவர் சாமான் வாங்கப் போனால்கூடப் பின்னாலிருந்து யாராவது "கோல்!" என்று கத்துவார்களாம். வருடக்கணக்கில் அது ஓயவில்லையாம்.

நான்காவது கோடையின் முடிவில் முழங்கால் அவரைக் கைவிட்டது. இங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் புது மூட்டு வைத்தார்கள். தினமும் நடக்கச் சொன்னார்கள். ஒரு ஞாயிறு நானும் அக்காவும் அவரைச் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்குக் கூட்டிப் போனோம். படகுகளை நீர்மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் கால்வாயோரம் பலகை போட்ட நடைபாதை இருக்கிறது, தடியூன்றி நடக்க வசதி. அக்கா ஐஸ்கிரீம் வாங்கப் போனாள். நாங்கள் இருவரும் மெல்ல நடந்தோம்.

எதிரே ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். கிழவர் எங்களைக் கடந்து போய், நின்று, திரும்பி வந்தார். அத்தானின் மூக்கையே பார்த்தார். பிறகு அந்த எட்டு வருட அணியின் செல்லப் பெயரைச் சொல்லி, ஐந்தாம் நம்பர்தானே என்று கேட்டார். இங்குள்ள விவசாயக் கல்லூரியில் படிப்பிக்கும் மகளைப் பார்க்க இங்கிலாந்திலிருந்து வந்திருக்கிறார்களாம்.

அத்தானின் தோள் இறுகியதைக் கண்டேன். அவரே முந்திக்கொண்டார். ஓம், அந்தக் கோலைப் போட்டவன் நான்தான் என்று சிரித்தபடி சொன்னார். அந்தச் சிரிப்பை எத்தனை வருடமாக வைத்திருந்தாரோ.

கிழவர் சிரிக்கவில்லை. அவர் சொன்னது ஆங்கிலத்தில், ஆனால் என் மனதில் அது எங்கள் பேச்சாகவே பதிந்திருக்கிறது.

"அந்தச் சனிக்கிழமையை விடுங்கோ. அதுக்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமையைத்தான் நான் சொல்ல வந்தனான்."

அத்தான் அவரை விளங்காமல் பார்த்தார்.

"மழை. பாதிச் சனம்தான் வந்தது. எதிர்ப் பக்கத்துச் சனம் நீங்கள் மைதானத்துக்கு வந்த நேரம் தொட்டு உங்களைப் பழிச்சுப் பாடினது. நாங்கள் ரெண்டு பேரும் கோலுக்குப் பின்னால நிண்டனாங்கள். முதல் கோர்னர். அதே பக்கத்தால, அதே உயரத்தில பந்து வந்தது. எங்கட ஆக்கள் பார்க்கப் பயந்தவை. வேற ஒருத்தன் எண்டால் விட்டிட்டு நிண்டிருப்பான், ஆரும் குறை சொல்லியிருக்க மாட்டினம். நீங்கள் சனிக்கிழமை எழும்பின மாதிரியே எழும்பினீங்கள்."

கிழவரின் மனைவி, இந்தக் கதை எங்கள் மகளுக்கு மனப்பாடம் என்றார். வீட்டில் யாராவது எதற்காவது பயந்து பின்வாங்கினால் இவர் அந்தச் செவ்வாய்க்கிழமையைத் தொடங்கிவிடுவாராம்.

அத்தான் கால்வாய்ப் பக்கம் திரும்பினார். தண்ணீரில் ஒரு படகு மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு, தனக்கு அந்த ஆட்டம் நினைவில் இல்லை என்றார். உண்மையாகவே நினைவில் இல்லை என்று இன்னொரு தடவை சொன்னார். கடைசியில், ஒரு சின்னப் பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார்.

"பந்து எங்க போனது?"

"மைதானத்தைத் தாண்டி ரோட்டுக்குப் போச்சு," என்றார் கிழவர்.

இரண்டு கையாலும் அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு அவர்கள் நடந்து போனார்கள். அக்கா உருகும் ஐஸ்கிரீமோடு வந்தபோது நாங்கள் அதே இடத்தில் நின்றோம். நடந்ததை நான்தான் சொன்னேன். அக்கா ஐஸ்கிரீமை என் கையில் தந்துவிட்டு அவருடைய முகத்தைத் துடைத்தாள்.

திரும்பி வரும்போது நான் காரை ஓட்டினேன். என்னால் ஒன்றைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. கடல் கடந்து ஒரு வீட்டில், அத்தானை ஒருபோதும் சந்திக்காத ஒரு பெண் பிள்ளை அவருடைய தைரியத்தைக் கேட்டு வளர்ந்திருக்கிறாள். அதைச் செய்தவருக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமை வேலை. மறந்துபோனார். லட்சம் பேர் பார்த்ததை மட்டும் சுமந்துகொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அக்கா இறங்கிக் கதவைத் திறக்கப் போனாள். அத்தான் இருக்கைப் பட்டியைக் கழற்றாமல் முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை பெய்திருந்தால் அந்த முனையில் பந்து வழுக்கும், கொஞ்சம் பிந்தித்தான் எழும்பியிருக்க வேண்டும் என்று தனக்குள் சொன்னார். பிறகு உச்சந்தலையிலிருந்து நெற்றிவரை கையால் தடவி, பந்து எந்த இடத்தில் பட்டிருக்கும் என்று தேடிப் பார்த்தார்.