தகரக் கொட்டிலில் ஒரு பிரெஞ்சுப் போத்தல்

ஆலங்குடாவில் நான் வேலை பார்க்கும் சின்ன விடுதிக்கு ஒரு பிரெஞ்சுக்காரரும் மனைவியும் வருடா வருடம் வருவார்கள். கடைசியாக இருவரும் வந்தபோது ஒரு பெரிய போத்தலைக் கொண்டுவந்தார்கள். இரண்டு போத்தல் வைன் அந்த ஒன்றிலேயே பிடிக்கும். அவர்கள் கலியாணம் முடித்த வருடத்துச் சிவப்பு வைனாம். நாற்பதாவது வருடத்தைக் கடலைப் பார்த்தபடி குடித்துக் கொண்டாட வேண்டுமாம். அதற்குள் மனைவிக்குச் சுகமில்லாமல் போய், அவசரமாகப் புறப்பட்டார்கள். "அடுத்த வருடம் வந்து குடிப்போம். குளிரான இடத்தில் படுக்கவைத்திரு" என்று சொல்லி அவர்தான் போத்தலை என் கையில் தந்தார். ஓம் என்றேன்.

விடுதியில் குளிரான இடம் இரண்டுதான். ஒன்று, எங்கள் சாப்பாடும் இருக்கும் பிரிட்ஜ். மற்றது, நான் தொழும் சீமெந்து அறை. இரண்டிலும் மதுவை வைக்க மனம் வரவில்லை. எனக்கு மார்க்கப் பற்று எப்போதும் அடுத்தவர் சாமானில்தான் கூடும். கையில் சொப்பிங் பேக்கைச் சுற்றிக்கொண்டு தூக்கிப் போய், கடலில் பட்டம் பிடித்துச் சறுக்குபவர்களின் கைட் சாமான்கள் கிடக்கும் தகரக் கொட்டிலில் வைத்தேன். படுக்கவைத்தால் ஒழுகும், உடுப்பில் பட்டால் நஜீஸ், அதோடு தொழ முடியாது என்று எண்ணெய்ப் போத்தல் மாதிரி நிமிர்த்தியே வைத்தேன்.

உடப்பிலிருந்து வந்து சமைக்கும் அக்கா ஒருநாள் கண்டுவிட்டார். "தம்பி, தகரத்துக்குக் கீழ அது வேகுதே. உள்ளுக்கு எடுத்து வைப்பமா?"

"உங்கட வேலையப் பாருங்க அக்கா" என்றேன். நான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

இந்த முறை அவர் தனியாக வந்தார். மனைவி இறந்துபோனதை இரண்டு சொல்லில் சொன்னார். பிறகு போத்தலைக் கேட்டார்.

தக்கை பாதி வெளியே தள்ளியிருந்தது. தூசி துடைத்துக் கொடுத்தேன். கடல் பக்கம் இரண்டு கதிரை போட்டு, இரண்டு கிளாஸிலும் ஊற்றி, தன்னுடையதில் ஒரு வாய் குடித்தார். பிறகு என்னைப் பார்த்து, நன்றாக இருக்கிறது, பத்திரமாக வைத்திருந்தாய் என்றார். அச்சாற்றுக்கு ஊற்றும் வினாகிரியின் வாடை நான் நின்ற இடம்வரை வந்தது. அந்த மனிதர் தன் கிளாஸை முழுதாகக் குடித்து முடித்தார். வெட்கத்தில் நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் எழுந்து போனபின் கிளாஸ்களைக் கழுவ எடுத்தேன். மது தானாகவே வினாகிரியாக மாறினால் அது ஹலால் என்று சிறுவயதில் ஓதியது நினைவு வந்தது. அவர் மனைவிக்கு ஊற்றி வைத்ததில் ஒரு வாய் குடித்தேன். புளிப்பு தொண்டையை அறுத்தது. நாற்பது வருடம் அவர்கள் காத்து வைத்ததை, ஒரே வருடத்தில் நான் எனக்கு ஹலாலாக்கி வைத்திருந்தேன்.