கோழியிடம் சொன்னது

கோமதியம்மாளுக்கு நல்லதை நேரே சொல்லத் தெரியும். குறையை மட்டும் கோழியிடம்தான் சொல்வாள். கோழி அகப்படாத நேரத்தில் குடத்திடம் சொல்வாள். கேட்க வேண்டியவர் காதில் விழுந்தால் போதும், முகத்துக்கு நேரே பேசிச் சண்டைக்காரி என்று ஏன் பேர் வாங்க வேண்டும் என்பது அவள் கணக்கு. கோவில்பட்டியில் புருஷன் வைத்துவிட்டுப் போன, ஒரே முற்றத்தைச் சுற்றிய மூன்று வீட்டு வளவை அவள் அப்படித்தான் ஆண்டு வந்தாள். குடியிருந்தவர்களும் ஜாடை புரிந்து நடந்துகொண்டார்கள்.

கடைசி வீட்டில் ஜமால் முகம்மதும் அவன் மனைவி நூருன்னிசாவும் இருந்தார்கள். ஜமால், ரயில்வே ஸ்டேஷன் வாசலில் வாடகைக் கார் ஓட்டுகிறவன். கார் என்றால் அரதப் பழசு, ஆனால் சொந்தக் கார். தெருவில் நின்றால் பிள்ளைகள் கீறிவிடும் என்று, முற்றத்துத் தகரச் சாய்ப்பின் கீழ் விட்டுக்கொள்ளச் சொன்னவளே கோமதியம்மாள்தான். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் நூருன்னிசா கஞ்சி கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து குடிக்க வைப்பாள். நாகலாபுரத்து நிலத்திலிருந்து வரும் மிளகாய் வத்தல் முற்றத்தில் காயும்போது தூறல் விழுந்தால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அள்ள ஓடிவருகிற முதல் ஆளும் அவள்தான்.

அந்த வருஷம் பங்குனியில் காரின் இன்ஜின் மக்கர் பண்ணியது. ஜமால் முன்மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். இன்ஜினின் தலைப்பாகத்தையும் கழற்றி, திறந்து கிடந்த மீதியைச் சாக்கால் மூடினான். தலைப்பாகத்தை மதுரைப் பட்டறையில் சரிபண்ணிக்கொண்டு வருவதாகச் சொல்லி ரயிலேறினான். கழற்றிப் போட்டதில் ஆயில் ஒழுகி, சாணம் மெழுகிய முற்றத்தில் கறுப்பாகப் படர்ந்தது. வத்தல் வருகிற சமயம். அதை எங்கே காயப் போடுவது?

"ஒண்ட எடங்குடுத்தா ஊரையே கேப்பியோ? எடத்தை எப்பம் காலி பண்ணப்போற?" என்று கோழியை விரட்டினாள். மறுநாளும் விரட்டினாள். அதற்கடுத்த நாளும்தான். நூருன்னிசா ஒரு வெள்ளை மனசுக்காரி. கோழி வத்தல் காயப்போகிற இடத்தைக் கிளறுகிறது போல என்று நினைத்து, அதைப் பிடித்துக் கூடையால் மூடி வைத்தாள். கோமதியம்மாளோ, சொல்லியும் கேட்காத திமிர் என்று எடுத்துக்கொண்டாள்.

வத்தல் வண்டி வந்து வாசலில் நின்றது. கோமதியம்மாள் வண்டிக்காரர் செண்பகராஜிடம், மாட்டை அவிழ்த்துக் காரில் பூட்டிப் பின்னால் இருக்கிற காலி நிலத்தில் விடச் சொன்னாள். அவர் வானத்தைப் பார்த்தார். தெற்கே இருட்டுகிறது, கரிசல் மண்ணில் விட்டால் ஒரு மழைக்கே அமிழ்ந்துவிடும் என்றார். பங்குனியில் ஏது மழை என்று அவள் கேட்டாள்.

நூருன்னிசா வாசல்படியில் வந்து நின்றாள். "அக்கா, அவிய நாளைக்கு வந்துருவாவ. ஒரு நா பொறுங்க."

கோமதியம்மாள் அவளைப் பார்க்கவில்லை. கூடைக்குள் கிடந்த கோழியைப் பார்த்து, "பொறுத்தது போதும்" என்றாள். மாடுகள் இழுக்க, கார் உருண்டு போனது. பாதி வழியில் சாக்கு நழுவி விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் மழை வந்தது. காய்ந்தும் கெடுக்கும், பெய்தும் கெடுக்கும் என்று அந்தப் பக்கத்தில் சும்மாவா சொன்னார்கள்? கோமதியம்மாள் முற்றத்தில் விரித்திருந்த வத்தலைத் தன்னந்தனியாக அள்ளினாள். அள்ளிக்கொண்டே கொல்லைக் கதவு வழியாகப் பார்த்தாள். அங்கே நூருன்னிசா முழங்கால் சேற்றில் நின்று, ஓலைப்பாயை இன்ஜினுக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தாள். பாயில் விழுந்த தண்ணீர் அவள் கைவழியே உள்ளேதான் போனது. போய் ஒரு கை பிடித்திருக்கலாம். வத்தல் நனைகிறதே என்று கோமதியம்மாள் போகவில்லை. வத்தலிலும் பாதி நனைந்துதான் போனது.

மறுநாள் ஜமால் தலைப்பாகத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். கார் கதவு மட்டத்துக்கு அமிழ்ந்திருந்தது. இன்ஜினுக்குள் கரிசல் சேறு. ஈரம் உலர்ந்து, மாடு கட்டி இழுத்தபோது முன் அச்சும் முறிந்தது. அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோமதியம்மாளும் ஏதாவது சொல்லி, அழுது, ஆறியிருப்பாள். காரை உடைசலுக்குப் போட்டுவிட்டு வேறு தெருவுக்குக் குடிபோனான்.

அவர்கள் சாமானைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டுகிற நேரத்தில் கோமதியம்மாள் முற்றத்துக்கு வந்தாள். அப்போதாவது நேராகப் பேசியிருக்கலாம். அவள் குனிந்து கோழியிடம், "தெரியாமச் செஞ்சதுக்கு இப்படியா விட்டுட்டுப் போவாவ?" என்றாள். நூருன்னிசா நின்றாள். கோழியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எத்தனையோ பேர் குடியிருந்தார்கள். மழை வந்தால் ஓடிவர ஒருத்தி அமையவில்லை. வருஷங்கள் போய் கோமதியம்மாளுக்கு முழங்கால் வீங்கி நடை நின்றது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகப் பக்கத்து வீட்டுக்காரர் கார் பேசிவிட்டார். முதலாளி ஒருவருடைய கார், ஓட்டி வந்தது ஜமால். மீசை நரைத்திருந்தது. காரை வாசலுக்கு வெளியே தெருவிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தான்.

"தம்பி, காரை உள்ள கொண்டாப்பா. என்னால அம்புட்டு தூரம் நடக்க ஏலாது" என்றாள். வாழ்நாளில் அவனிடம் அவள் நேராகக் கேட்டது அது ஒன்றுதான்.

ஜமால் சாய்ப்பின் கீழே வெறிச்சென்று கிடந்த இடத்தைப் பார்த்தான்.

"வேண்டாம்க்கா, அங்கனயே நிக்கட்டும்" என்றான். குரலில் கோபம் இல்லை. "அன்னைக்கும் இப்படி வாயத் தொறந்து சொல்லியிருந்தா, நூருன்னிசாவே நாலு பேரக் கூப்புட்டுத் தெருவுக்குத் தள்ளி விட்டுருப்பாளே."

முற்றத்தில் கோழி ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. கோமதியம்மாள் அதன் பக்கம் திரும்பவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்புத்தான்யா" என்றாள்.

"படி இருக்கு, பாத்து" என்று சொல்லி, அவன் அவளை மெள்ள மெள்ளத் தெரு வரைக்கும் நடத்திக் கூட்டிக்கொண்டு போனான்.