சித்திரையில் வெட்டிய புல்

மாதவரத்தில் நாங்கள் இப்போது இருக்கும் அடுக்ககத்தின் முன்னால், நாலு பாய் விரிக்கும் அளவுக்கு ஒரு புல்தரை உண்டு. அதை எத்தனை நாளைக்கு ஒரு முறை வெட்டுவது என்று குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் மூன்று நாளாகச் சண்டை. பத்து நாள் என்கிறது ஒரு கட்சி. மாதம் ஒரு தடவை போதும் என்கிறது இன்னொன்று. இந்த விஷயத்தில் சம்பளம் வாங்கிய நிபுணன் நான் என்பது அவர்களுக்குத் தெரியாது.

சிரிக்காதீர்கள். எண்ணூர் போகும் சாலையில் ஒரு ரசாயன ஆலை; அதன் அலுவலகத்தில்தான் எனக்கு முதல் வேலை. இன்னும் நிரந்தரமாகாத குமாஸ்தா என்பதால் கேன்டீன் டோக்கன், தெருநாய்த் தொல்லை, வாசல் புல்தரை என்று யாருக்கும் வேண்டாத வேலையெல்லாம் என் மேஜைக்கு வரும். புல்லுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அட்டவணையே தயாரித்தேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் ஒரு தடவை. பனிக்காலத்தில் இருபது நாளைக்கு ஒரு தடவை. சித்திரை, வைகாசியில் மாதம் ஒரு தடவை, அதுவும் கொஞ்சம் நீளமாக விட்டு. ஒட்ட வெட்டினால் வேர் காய்ந்துவிடும். இதில் ஒரு வரிகூட என் சொந்த அறிவு இல்லை. எல்லாம் புல் வெட்டும் ஸ்டெல்லா சொன்னது. ஏறக்குறைய என் வயதுதான் அவருக்கும். கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். வீடு, ஆலைச் சுவருக்கு அந்தப் பக்கக் காலனியில்.

வெட்டிய புல்லின் வாசனை பலருக்குப் பிடிக்கும். எனக்கு அதோடு தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு கந்தக நெடியும் சேர்ந்தே வரும். மதியம் கடல்காற்று எழுந்ததும் ஆலைப் புகை வாசலில் இறங்கி, சுவரைத் தாண்டிக் காலனிக்குள் போகும். மறுநாள் புல் நுனியெல்லாம் வெளுத்திருக்கும். மேனேஜர் ஜன்னல் வழியாகப் பார்த்து, "நுனியை மட்டும் எடுத்துடச் சொல்லுப்பா" என்பார். ஆக, மாதம் ஒரு தடவை என்று நான் அழகாக எழுதி வைத்த சித்திரையில்தான் வாரத்துக்கு இரண்டு தடவை மெஷின் ஓடியது.

அப்படி ஒரு சித்திரையில் காலனிக்காரர்கள் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனு கொடுத்தார்கள். பிள்ளைகள் இருமுகிறார்கள், முருங்கை இலை கருகுகிறது என்று. ஸ்டெல்லாவும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். விசாரிக்க அதிகாரி வருவதற்கு முதல் நாள், நான் போய்ப் புல்லை வெட்டச் சொன்னேன்.

"இன்னா சார், முந்தாநேத்து தான வெட்னேன்."

"நுனி வெளுத்திருக்கே."

"வெளுத்துதான் கீது. வர்றவரு கண்ணால பாக்கட்டுமே சார். எங்க புள்ளைங்க இருமறத அவரு எங்க வந்து கேக்கப் போறாரு?"

"அடுத்த மாசம் என்னை நிரந்தரமாக்கணும்மா. உனக்கும் வேலை வேணுமில்ல?" என்றேன். மிரட்டுகிறேன் என்று அப்போது தோன்றவில்லை. நல்லது சொல்வதாகவே நினைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஸ்டெல்லா மெஷினை எடுத்தார். வெட்டி முடித்து, வெளுத்த நுனிகளைச் சாக்கில் வாரிக் கட்டிக்கொண்டே கேட்டார்: "எங்க வூட்டு முருங்கைய இன்னா பண்றது சார், அதையும் வெட்டி உட்றவா?"

அதிகாரி வந்தார், டீ குடித்தார், வாசலில் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார். "புகை அவ்வளவு மோசம்னா இது இப்படிப் பச்சையா இருக்குமா?" என்றார். பத்தடி தள்ளி நின்ற ஸ்டெல்லா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அதிகாரியிடம், சரிதான் என்பதுபோல் தலையாட்டினேன். மனு அத்தோடு முடிந்தது. அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாயிற்று.

நான் வேறு வேலைக்குப் போன பிறகு ஆலையையும் மூடிவிட்டார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனேன். காலனி, சுவர், புல்தரை எல்லாம் ஒரே மைதானமாகி டிரெய்லர் லாரிகள் நிற்கின்றன. எதிர் டீக்கடைக்காரரிடம் காலனிக்காரர்களைப் பற்றி விசாரித்தேன்.

"இருமல் தாங்காம ஒவ்வொரு குடும்பமா காலி பண்ணிகினு போய்ட்டாங்க. நீங்க அவுங்களுக்கு இன்னா வேணும்?"

கூட வேலை பார்த்தவன் என்றேன். என்ன வேலை என்று கேட்டுவிடுவாரோ என்று பயந்து, பாதி டீயோடு கிளம்பினேன்.