தோழன் இருந்த இடம்

என் கைவேலை சுத்தமானது என்று திருகோணமலையில் ஒரு காலம் பேர் எடுத்திருந்தேன். இன்றைக்கு யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

சமாதானம் முறிந்து சண்டை திரும்பத் தொடங்கியிருந்த காலம் அது. உட்துறைமுக வீதிக்குப் பக்கத்தில் ஸ்ரூடியோ வைத்திருந்தேன். கடலைப் பார்த்தபடி ஒரு ஜன்னல் இருந்தது. அந்தப் பக்கம் கமராவைத் திருப்பக் கூடாது என்று கடற்படைக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போன அன்றே அதற்குக் கறுப்புத் துணி போட்டுவிட்டேன். அப்படிப்பட்ட ஊரில் படம் எடுப்பவனுக்கு மிஞ்சுவது பாஸ் போட்டோவும் கல்யாண வீடும்தான்.

கல்யாணங்களை நான் றோவில்தான் எடுப்பேன். கமரா கண்டதை அப்படியே வைத்திருக்கும் கோப்பு அது. ஒரு கல்யாணமே கொம்பியூட்டரில் பாதி இடத்தைப் பிடித்துவிடுகிறது என்று மற்ற ஸ்ரூடியோக்காரர் என்னைக் கேலி செய்வார்கள். ஆனால் மேலே என்ன திருத்தம் செய்தாலும் அடியில் இருக்கும் றோ கெடாது. பிழை விட்டால் முதலிலிருந்து தொடங்கலாம். திருத்தி முடித்ததும் படத்தின் மேல் போட்ட திருத்தப் படலங்களையெல்லாம் அதோடு ஒன்றாக்கி, அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி வைத்து, டிஃப் கோப்பாக மாற்றுவேன். அதைச் சீடியில் எழுதிக் கொழும்பு லாப்புக்கு அனுப்புவேன். அப்படி மாற்றிய பிறகு திருத்தத்தையும் படத்தையும் பிரிக்க முடியாது. அச்சுக்கு அதுதான் நல்லது, பிரின்ற் பளிச்சென்று வரும்.

இறக்கக்கண்டியில் ஒரு கல்யாணம். ஊரடங்குக்கு முதல் எல்லாரும் வீடு போய்ச் சேர வேண்டும் என்று காலையிலேயே அவசரமாக முடித்தார்கள். வீடியோ இல்லை, நான் மட்டும்தான். பெண்ணின் ஒரே தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன். கடலுக்குப் போகிறவன். இரவல் தலைப்பாகை அவன் தலைக்குப் பெரிது. அது நெற்றிக்கு இறங்க இறங்க அவன் தள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தான். மாப்பிள்ளையின் காலைக் கழுவினான். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட்டபோது, வலைக்கயிறு இழுத்துத் தடித்த விரலில் அது ஏறவில்லை. சபையே சிரித்தது. பிறகு மணவறையில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தான். தோழன் என்றால் தாலி கட்டி முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். அதனால் நான் எடுத்த முக்கால்வாசிப் படத்தில் அவன் இருந்தான்.

மூன்று கிழமை கழித்து, மீன்பிடிப் பாஸைப் புதுப்பிக்க திருகோணமலை ரவுனுக்கு வந்தவன் வீடு திரும்பவில்லை. வான் ஒன்றில் ஏற்றினார்கள் என்று கண்டவர்கள் சொன்னார்கள். ஏற்றியது யார் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடையாள அட்டையும் பழைய பாஸும் அவனுடைய சட்டைப் பையிலேயே போய்விட்டன.

அதற்கடுத்த கிழமை மாப்பிள்ளை என்னிடம் வந்தார். கூடவே மாமியாரும், அதாவது அந்தப் பையனின் தாயும், வந்திருந்தார்.

"அண்ணை, அல்பம் அனுப்பிப்போட்டியளோ?"

"இல்லை, இந்தக் கிழமைதான் அனுப்புவன்."

"விசாவுக்கு அல்பத்தைக் கொழும்புக்குக் கொண்டுபோக வேணும். வழியிலை எத்தினை சென்றியிலை மறிப்பாங்கள். பிரிச்சுப் பாத்து, பக்கத்திலை இருக்கிறது ஆர் எண்டு கேட்டா நான் என்ன சொல்லுறது? அவரைப் படத்திலையிருந்து எடுத்துவிடுங்கோ அண்ணை."

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் கதிரையில் அந்த அம்மா இருந்தார். கறுப்புத் துணி போட்ட ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அம்மா என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஓம், செய்யலாம் என்று மாப்பிள்ளையிடம் தலையாட்டினேன்.

நாலு நாள் அந்த வேலை. கால் கழுவிய, மோதிரம் போட்ட படங்களை ஒதுக்கினேன், அவற்றில் ஒன்றும் செய்ய முடியாது. மற்றவற்றில் அவன் இருந்த இடத்தில் மணவறையின் சிவப்புத் துணியை எடுத்து நிரப்பினேன். மடிப்புக்கு மடிப்பு சேர்த்தேன். மாப்பிள்ளையின் காதோடு ஒட்டியிருந்த தலைப்பாகை விளிம்பு ஒன்றை எடுக்க அரை நாள் போனது. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்து, இனி எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்று மனதுக்குள் என்னையே மெச்சிக்கொண்டேன். பிறகு டிஃப் ஆக்கி அனுப்பினேன். அல்பம் அருமையாக வந்தது.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த தெருவை ஆமி சுற்றிவளைத்துத் தேடியது. ரெலிபோன் கதைக்கிற ஒரு கொமியூனிகேஷன் கடையில் கொம்பியூட்டரையே தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று பின்னேரம் ஸ்ரூடியோக் கதவைப் பூட்டிவிட்டு அந்தக் கல்யாணத்தின் றோ முழுவதையும், ஒதுக்கி வைத்த படங்களையும் சேர்த்து, அழித்தேன். சும்மா அழித்தால் மீட்டெடுக்கலாம் என்று தெரிந்தவன் நான். அதனால் வேறு கல்யாணங்களைக் கொண்டுவந்து கொம்பியூட்டர் நிறையும்வரை அந்த இடத்தில் கொட்டினேன். மாப்பிள்ளை இதைக் கேட்கவில்லை. ஒருவருமே கேட்கவில்லை. அதிலும் என் கை சுத்தம்.

மகளும் மருமகனும் வெளிநாடு போய்ச் சேர்ந்த பிறகு அந்த அம்மா தனியாக வந்தார். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய அல்பம்.

"காணாமல் போன ஆக்களைப் பதியினமாம், தம்பி. முகம் தெளிவான படம் ஒண்டு வேணுமாம். பழைய படமெல்லாம் சுனாமியிலை அலுமாரியோடை போட்டுது. கலியாணத்திலை நீங்கள் எத்தினை எடுத்தனீங்கள். உங்களிட்டை இருக்கும் எண்டுதான் நான் யோசிக்காமல் இருந்தனான்."

அவர் பையைப் பிரித்து அல்பத்தைத் திறந்தார்.

"இது மேலாலை பூசினதுதானே. அதை எடுத்துவிட்டா உள்ளுக்குள்ளை இருப்பான்தானே?"

"ஏலாது அம்மா. இது ஒண்டாச் சேந்திட்டுது."

"அப்ப முதல் எடுத்தது?"

"அழிச்சுப்போட்டன்."

"மருமகன் சொன்னவரோ?"

"இல்லை. நான்தான். பயத்திலை."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அல்பத்தைத் திரும்பவும் பொலித்தீன் பையில் சுற்றினார்.

"கொண்டுபோனவங்கள் ஆர் எண்டு எனக்குத் தெரியாது. உங்களைத் தெரியும்தானே, தம்பி" என்றார்.

நானும் கூட வருகிறேன் என்றேன். வேறு என்ன செய்ய? படிவம் நிரப்பவாவது உதவலாம் என்று நினைத்தேன். பதிகிற இடத்தில் நீண்ட வரிசை. எல்லாப் பெண்களின் கையிலும் ஒரு படம் இருந்தது. பாஸ் போட்டோ, பள்ளிக்கூடப் படம், பாதி கிழிந்த படம். இவரிடம் மட்டும் ஒரு முழு அல்பம்.

எங்கள் முறை வந்ததும் எழுதுகிறவர் படத்தைக் கேட்டார். அந்த அம்மா மணவறைப் படத்தைத் திறந்து, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் சிவப்புத் துணியின்மேல் விரலை வைத்தார்.

"இதிலை இருந்தவன்."

எழுதுகிறவர் அல்பத்தைத் தன் பக்கம் இழுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். நல்ல மனிதர், நேரம் எடுத்துத்தான் தேடினார்.

"இதிலை ஒருத்தரும் இல்லையே அம்மா. படம் என்னவோ நல்ல தெளிவாத்தான் இருக்கு. ஆர் எடுத்தது?"

"இந்தத் தம்பிதான்" என்று அவர் என்னைக் காட்டினார். அந்தக் குரலில் கோபம் இல்லை.

எழுதுகிறவர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். பிறகு படிவத்தில் புகைப்படம் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார்.