யாரிடமிருந்து யாருக்கு

ஆய்வகத்தில் அவளைப் ‘பூட்டக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபத்தான வைரஸ்களைக் கையாளும் உள்ளறைக்கு இரண்டு கதவுகள்; ஒன்று சாத்தினால்தான் மற்றது திறக்கும். அவை தானாகவே பூட்டிக்கொள்ளும் என்றாலும், கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் அவள் நகரமாட்டாள்.

“வீட்டுக்காரரையும் இப்படிப் பூட்டிட்டுத்தான் வர்றீங்களா அக்கா?”

“அவரை எதுக்குப் பூட்டணும்? சோபாவை விட்டு எந்திரிச்சாத்தானே!”

அந்தக் காய்ச்சல் வந்தபின் கிண்டல் பேச்செல்லாம் அடங்கிவிட்டது. சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்கி, மூளையைத் தாக்கி ஆளைச் சாய்க்கும் நோய். முதலில் ஒரு பெயின்டர் ஆஸ்பத்திரியில் இறந்தார். அவரைப் பார்த்துக்கொண்ட நர்சுகளில் ஒருத்தி பூட்டக்காவின் தங்கை.

தங்கைக்கும் லேசாக உடம்பு சுட்டது. வார்டில் ஆள் பற்றாக்குறை. மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் போனாள். சூடு தானாகத் தணிந்தது. அடுத்துப் படுத்தவர் அவள் கணவர், பஸ் டிரைவர். எதிரில் நிற்பவர்களை அடையாளம் தெரியாமல் அவர் உளற ஆரம்பித்ததும், பூட்டக்காதான் ஆம்புலன்சை வரவழைத்தாள்.

அன்று ஆய்வகத்துக்குப் பரிசோதிக்க ஒரே ஒரு நோயாளியின் மாதிரிதான் வந்தது. குழாயில் பெயர் கிடையாது. யாருடையது என்று அவளுக்குச் சொல்லவும் தேவையில்லை.

“நீங்க செய்ய வேணாம். வேற ஆளைப் போடுறேன்” என்றார் ஆய்வகத் தலைவியான டாக்டரம்மா.

“இல்ல மேடம். வெளியில உக்காந்திருந்தா பைத்தியம் பிடிச்சிரும்.”

இரட்டைக் கையுறைக்குள் விரல்கள் வியர்த்தன. பிசிஆர் மெஷினின் திரையில் ஒப்பிடுவதற்காக வைத்த வைரஸ் இல்லாத குழாய்களின் கோடுகள் தரையோடு ஊர்ந்துகொண்டிருக்க, அந்த மாதிரியின் கோடு மட்டும் சீக்கிரமே தலைதூக்கி விறுவிறுவென்று ஏறியது. சீக்கிரம் ஏறினால் உடம்பில் வைரஸ் மண்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். மறு பரிசோதனைக்கு அதே மாதிரியை இன்னொரு குழாயில் எடுத்தாள்.

டிரைவர் பிழைக்கவில்லை. முகத்தைக்கூட யாருக்கும் காட்டாமல் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். தங்கையின் தொண்டையிலும் வைரஸின் மிச்சம் இருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“பஸ்ஸுல எவனோ எம்புள்ள மேல இருமிட்டான். அவன் நாசமாப் போக” என்று தங்கையின் மாமியார் வாய்விட்டு அழுவார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

வைரஸ் தன்னைப் படியெடுக்கும்போது மரபணுவில் சில சமயம் ஓரெழுத்து பிசகும். பிசகியது பிசகியபடியே அடுத்த உடம்புக்கும் போகும். நோய் பரவிய வழியைக் கண்டுபிடிக்க, மூன்று பேருடைய வைரஸையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார்கள். பெயின்டரிடம் இல்லாத ஒரு பிசகு தங்கையிடம் இருந்தது. டிரைவரிடம் அதுவும் இருந்தது, புதிதாக இன்னொன்றும் இருந்தது.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். “அரசாங்கத்துக்கு நான் சொல்லித்தான் ஆகணும். வீட்டுல சொல்றது உங்க இஷ்டம்.”

அன்று சாயங்காலம் பூட்டக்கா தங்கை வீட்டுக்குப் போனபோது, அவள் தன் கணவரின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“ரிசல்ட் வந்துருச்சாக்கா?”

“ம்.”

“பஸ்ஸுலயா? என்கிட்டயிருந்தா?”

வரும் வழியெல்லாம் எத்தனையோ வார்த்தைகளை யோசித்து வைத்திருந்தாள்.

“உங்கிட்டயிருந்துதான்டி.”

தங்கை கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். அப்புறம்தான் உடைந்தாள். பூட்டக்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் அந்த உடம்பின் நடுக்கம் நிற்கவில்லை.

“எனக்குத் தெரியும்க்கா. நீ பொய் சொல்லிடுவியோன்னுதான் பயமா இருந்துச்சு.”

மாமியாரிடம் தானே சொல்வதாகத் தங்கை பிடிவாதம் பிடித்தாள், சொன்னாள். மாமியார் திட்டவில்லை, அடிக்கவில்லை. துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு மூத்த மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போன் செய்தால் எடுப்பதில்லை.

உடம்பு சுட்டால் நர்சுகள் வேலைக்கு வரக்கூடாது என்று ஆஸ்பத்திரி இப்போது உத்தரவு போட்டிருக்கிறது. தங்கை அதே வார்டில்தான் இருக்கிறாள். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் யாராவது தும்மினால்கூட, “வீட்டுக்குப் போம்மா, உன் வேலையையும் நான் பாத்துக்கறேன்” என்று விரட்டிவிடுகிறாளாம். அவள் எப்போது வீட்டுக்குப் போகிறாள் என்று அங்கே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.